வாங்கிய படங்கள் ஊர் திரும்பியபோது: ஒரு குடும்பத்தின் டிஜிட்டல் அலமாரி பற்றிய நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் பதினைந்து ஆண்டுக்கு மேல் இருந்துவிட்டு, 2025 கோடையில் கோயம்புத்தூர் திரும்பிய ஒரு குடும்பம் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த டிஜிட்டல் படங்கள் என்ன ஆயின என்பதன் பதிவு இது. குடும்பத்தார் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்றார்கள். படம் விற்ற மூன்று கடைகளையும் அ, ஆ, இ என்றே குறிக்கிறேன். மூன்றும் அமெரிக்காவில் சட்டப்படி படம் விற்றவை. அவர்களுடைய விதிகள்தான் இங்கே முக்கியம். எந்தக் கடை என்பது அவ்வளவு முக்கியமில்லை.

பின்னணி

கணவர், மனைவி, மகன், மகள் என நான்கு பேர். டெக்சாஸில் டாலஸை ஒட்டிய புறநகரில் வீடு. கணவர் எனக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. நெட்வொர்க் வேலை என் பிழைப்பு என்பதால், ஊர் திரும்புகிற பேச்சு முடிவானதும் எனக்கு ஃபோன் வந்தது. "அண்ணா, பாத்திரம் பண்டமெல்லாம் கப்பல்ல வந்துரும். இந்தப் படத்தையெல்லாம் எப்படிக் கொண்டு வர்றது?"

கேள்வி சின்னதில்லை. 2012 வாக்கில் தொடங்கி ஏறத்தாழ 210 தலைப்புகள் சேர்ந்திருந்தன. முதலில் வாங்கியவை பெரும்பாலும் ப்ளூரே, டிவிடி, டிஜிட்டல் மூன்றும் சேர்ந்த கூட்டுப் பொதிகள். நவம்பர் நான்காம் வியாழனுக்கு மறுநாள் வரும் வெள்ளிக்கிழமைத் தள்ளுபடியில் கூடை நிறைய அள்ளிக்கொண்டு வருவார்களாம். டப்பாவைத் திறந்தால் டிஸ்க்கோடு மடித்த தாள் ஒன்று இருக்கும். அதிலுள்ள குறியீட்டை இணையத்தில் தட்டினால் அந்தப் படம் கணக்கில் ஏறிவிடும். பிறகு டிஸ்க்கே இல்லாமல் நேரடியாக அ கடையிலும் ஆ கடையிலும் வாங்கத் தொடங்கினார்கள். இ என்பது அவர்கள் வீட்டுக் கேபிள் நிறுவனத்தின் படக்கடை. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் வாங்கிவிடலாம் என்பதால் கார்ட்டூன் தொடர்கள் அங்கே சேர்ந்தன.

2016இல் அடுக்கக வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கு மாறியபோது டிஸ்க்குகளை எல்லாம் உள்ளூர் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். "எல்லாம் ஃபோன்லயே இருக்குதுங்களே, இத்தனை டப்பா எதுக்குங்க?" என்பது மனைவியின் வாதம். அன்றைக்கு அதில் தப்புச் சொல்ல யாருக்கும் தோன்றியிருக்காது. கடைகளின் விளம்பரமும் அதைத்தானே சொன்னது: எப்போது வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம் என்று.

மேகத்தில் இருந்தது என்ன

மேலே போவதற்கு முன் இதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. அவர்களுக்கும் முதலில் இதைத்தான் விளக்க வேண்டியிருந்தது. கிளவுடில், அதாவது இணையம் வழியாக எட்டும் கடையின் சேமிப்பிடத்தில், 'என் படங்கள்' என்று காட்டுகிற பட்டியல், நமக்கென எடுத்து வைத்த கோப்புகளின் பட்டியல் அல்ல. இந்தக் கணக்குக்கு இந்தப் படத்தைப் பார்க்க அனுமதி உண்டு என்ற பதிவு, அவ்வளவே. கோப்பு கடையின் கிடங்கில் ஒன்றுதான். எல்லோருக்கும் அதிலிருந்தே வரும். பட்டா நம் பெயரில், நிலத்தின் வேலிக் கதவுச் சாவி வேறொருவர் கையில் என்ற நிலை.

கூட்டுப் பொதிக் குறியீடுகளுக்குப் பின்னால் இருந்த அல்ட்ராவயலட் இதை ஒளிக்காமலே செய்தது. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள், மின்னணுப் பொருள் நிறுவனங்கள், கடைகள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு 2011 அக்டோபரில் தொடங்கிய சேவை அது. படங்களை அது வைத்திருக்கவே இல்லை. யாருக்கு எந்தப் படத்தில் உரிமை என்கிற பதிவேட்டை மட்டும் நடத்தியது. படத்தை ஓட்டிக் காட்டுவது அதனோடு இணைந்த கடைகளின் வேலை. எந்தக் கடையில் இறக்கினாலும் எந்தக் கருவியிலும் ஓடும் பொதுக் கோப்பு வடிவம் ஒன்று வரும் என்று சொல்லப்பட்டது. அது பரவலாக நடைமுறைக்கு வரவில்லை. டிஸ்னியும் ஆப்பிளும் இந்த ஏற்பாட்டில் சேரவே இல்லை.

டிஸ்னி 2014இல் தனக்கென ஒரு பதிவேட்டைத் தொடங்கியது. 2017 அக்டோபரில் அது மூவிஸ் எனிவேர் என்று விரிந்தது. டிஸ்னி, வார்னர், யுனிவர்சல், சோனி, ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் (இப்போது ட்வென்டியத் செஞ்சுரி ஸ்டுடியோஸ்) ஆகிய ஐந்து ஸ்டுடியோக்களின் படங்களுக்கு மட்டும் இது பொருந்தும். பாரமவுன்ட், லயன்ஸ்கேட், எம்ஜிஎம் வெளியே. திரைப்படங்கள் மட்டுமே, தொலைக்காட்சித் தொடர்கள் கிடையாது. சேவை அமெரிக்காவுக்குள் மட்டும். இந்த மூன்று வரம்புகளும் பின்னால் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

2019: முதல் இழப்பு

2019 ஜனவரி 31 அன்று அல்ட்ராவயலட் மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. ஜூலை 31 கடைசி நாள். அதற்குள் கணக்கை ஏதாவது ஒரு கடையோடு இணைத்து வைத்தால் அந்தக் கடை வழியாகப் படங்களைத் தொடர்ந்து பார்க்கலாம் என்று சொன்னார்கள்.

வீட்டில் இரண்டு அல்ட்ராவயலட் கணக்குகள் இருந்தன. கணவருடையது பல வருடமாகவே ஆ கடையோடு இணைந்திருந்ததால் ஒன்றும் ஆகவில்லை; மூடியதே அவருக்கு உறைக்கவில்லை. மனைவியின் கணக்கு வேறு மாதிரி. பொதிகள் வாங்கிய புதிதில், தாளில் இருந்த ஸ்டுடியோவின் பக்கத்திலேயே நேராகக் குறியீட்டைத் தட்டிவிட்டார். கடை எதையும் இணைக்கவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், கணக்கைத் திறக்கப் பயன்படுத்திய மின்னஞ்சல், பழைய அடுக்கக வீட்டுக்கு இணைய இணைப்புக் கொடுத்த நிறுவனம் தந்த முகவரி. வீடு மாறி இணைப்பைத் துண்டித்ததோடு அந்த அஞ்சல் பெட்டியும் போய்விட்டது. எச்சரிக்கை அனுப்பியிருந்தாலும் படிக்க ஆளில்லை.

அந்த டிசம்பர் விடுமுறையில் மகள் ஒரு படம் கேட்டபோதுதான் தெரிந்தது. பதினைந்து படங்கள் போல, டிஸ்க்கும் இல்லை, கணக்கும் இல்லை. ஆ கடைக்கு எழுதிப் பார்த்தார்கள். தங்களிடம் பதிவு எதுவும் இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. அது உண்மையும்கூட. சரி, போனது போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். தொகை பெரிதில்லை என்பதால் அதில் இருந்த எச்சரிக்கையும் அப்படியே கடந்துபோனது.

2025 தொடக்கம்: கணக்கெடுப்பு

ஊர் திரும்பும் நாள் குறித்தபின், ஆறு மாதம் கையில் இருந்தது. முதல் வேலையாக எல்லாத் தலைப்புகளையும் ஒரு விரிதாளில் ஏற்றச் சொன்னேன். படம், வாங்கிய கடை, ஸ்டுடியோ, யார் கணக்கில், கோப்பாகக் கணினியில் இறக்க முடியுமா என்று ஐந்து பத்திகள். மகன் இரண்டு வார இறுதிகளில் முடித்தான். அதில் தெரியவந்தவை:

அ கடையில் 70 அளவில். இங்கே வாங்கியதைக் கணினியில் கோப்பாகவே இறக்கலாம். கோப்பில் டிஆர்எம் பூட்டு, அதாவது அனுமதி இல்லாத கருவியில் ஓடவிடாத டிஜிட்டல் பூட்டு, உண்டு. ஆனால் அனுமதி பெற்ற கணினியில், இணையம் இல்லாமலே ஓடும். ஒரு கணக்குக்கு ஐந்து கணினிகள் வரை அனுமதி.

ஆ கடையில் 110 போல. இங்கே இறக்குவது என்பது செயலிக்குள் மட்டும். கோப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாது, வேறு இடத்துக்கு நகர்த்தவும் முடியாது, அவ்வப்போது இணையத்தில் வந்து அனுமதியைப் புதுப்பித்துக்கொள்ளும்.

இ கடையில் 30. கேபிள் இணைப்போடு ஒட்டிய கணக்கு. இணைப்பைத் துண்டித்தால் என்ன ஆகும் என்று வாடிக்கையாளர் சேவையில் இரண்டு பேரைக் கேட்டதில் இரண்டு விதமான பதில் வந்தது.

கவனித்தது இன்னொன்று. அ கடையில் வாங்கியிருந்த ஏழெட்டுத் தமிழ்ப் படங்களில் இரண்டு ஏற்கெனவே பட்டியலில் இல்லை. ரசீது மின்னஞ்சலில் இருக்கிறது, கடையில் படம் இல்லை. விநியோக உரிமை கைமாறும்போது இப்படி நடக்கும். பெரிய ஸ்டுடியோப் படங்களைவிடச் சிறிய விநியோகஸ்தர்கள் மூலம் வரும் படங்களில் இந்த ஆபத்து அதிகம். நம் படங்கள் அயல்நாட்டுக் கடைகளில் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான்.

இந்தச் சமயத்தில்தான் மனைவி, வாங்கு பொத்தானுக்கு அருகில் புதிதாக முளைத்திருந்த சிறிய வரியைக் காட்டினார்: நீங்கள் பெறுவது உரிமம் என்று அதில் எழுதியிருந்தது. கலிபோர்னியாவில் 2024 செப்டம்பரில் கையெழுத்தாகி 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஏபி 2426 சட்டம், டிஜிட்டல் பொருளை வெறுமனே 'வாங்குங்கள்' என்று விற்கக்கூடாது, உரிமம்தான் தரப்படுகிறது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. இணையம் இல்லாமலும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி இறக்கித் தந்தால் அந்தக் கட்டாயம் இல்லை. இந்த விலக்குதான் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி. எது உடைமை, எது உடைமை இல்லை என்பதை ஒரே கோட்டில் பிரித்துவிடுகிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, அ கடைக் கணக்கின் நாட்டை மாற்றுவதில்லை. கணவர் முதலில் நினைத்தது மாற்றிவிடலாம் என்றுதான்; இந்தியாவில் இருக்கப் போகிறோம், இந்திய அட்டையில் பணம் கட்டப் போகிறோம், இயல்பான யோசனை. ஆனால் கணக்கின் நாடு மாறினால் பட்டியலும் அந்த நாட்டுக் கடையின் உரிமங்களுக்கு உட்பட்டுவிடும். அமெரிக்கக் கடையில் வாங்கிய படம் இந்தியக் கடையில் இல்லை என்றால் மறுபடி இறக்க முடியாமல் போகலாம். அ கடையின் உதவிப் பக்கமே, நாட்டை மாற்றுமுன் வாங்கியதை எல்லாம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது. மாற்றுவதற்கு மீதிப் பணத்தைச் செலவழிக்க வேண்டும், சந்தாக்களை நிறுத்த வேண்டும், குடும்பக் குழுவிலிருந்து விலக வேண்டும். 2025 பிப்ரவரியில் ஒரு கணக்கில் வாங்கியதை இன்னொரு கணக்குக்கு மாற்றித் தரும் வசதியையும் அந்தக் கடை கொண்டு வந்தது. அதில் நம்பிக்கை வைத்துத் தேடியபோது, இந்தியாவுக்கு அந்த வசதி இல்லை என்று போட்டிருந்தது.

ஆகவே பழைய கணக்கு அமெரிக்கக் கணக்காகவே, படங்களுக்கு மட்டும் இருக்கட்டும். அன்றாடச் செயலிகளுக்கும் சந்தாக்களுக்கும் புது இந்தியக் கணக்கு.

இரண்டாவது, வேலைகளின் வரிசை. இந்த நிகழ்வில் பலன் தந்தது பெரும்பாலும் இதுதான். கணவர் 2018இல் ஏதோ இலவசப் படம் கிடைக்கிறது என்று மூவிஸ் எனிவேர் கணக்கு ஒன்று திறந்து ஆ கடையை இணைத்திருந்தார். அதோடு மறந்துவிட்டார். அந்தக் கணக்கில் இப்போது அ, இ இரண்டையும் இணைத்தோம். ஓரிரு மணி நேரத்தில், ஆ கடையிலும் இ கடையிலும் வாங்கிய ஐந்து ஸ்டுடியோப் படங்கள் அ கடைப் பட்டியலில் வரத் தொடங்கின. 70 என்பது 160 ஆனது. ஆ கடையில் செயலிக்குள் சிறைப்பட்டிருந்த படங்களை, அ கடையிலிருந்து கோப்பாகவே இறக்க வழி பிறந்தது. ஊர் வந்தபின் இதைச் செய்திருக்க முடியாது. இந்தச் சேவை அமெரிக்காவுக்கு வெளியே இல்லை. கேபிளைத் துண்டித்தபின் செய்திருந்தால் இ கடைப் படங்கள் வந்திருக்காது. எனவே முதலில் இணைப்பு, அப்புறம் இறக்கம், அதற்கும் அப்புறம்தான் கேபிள் துண்டிப்பு.

மூன்றாவது முடிவில் விவாதம் நடந்தது. டிஆர்எம் பூட்டை உடைத்து வெறும் கோப்பாக்கும் மென்பொருள்கள் கிடைக்கின்றன. "நாம காசு கொடுத்து வாங்கினதுதானே அண்ணா, இதுல என்ன திருட்டு?" என்றார் கணவர். கேள்வி நியாயமானது. ஆனால் அவர்கள் அப்போது இருந்த நாட்டில், 1998இன் டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டப்படி பூட்டை உடைப்பதே தடை செய்யப்பட்ட செயல். எதற்காக உடைத்தோம் என்பது பெரும்பாலும் இரண்டாம் பேச்சு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கோடு உடைப்பதைக் குற்றம் என்கிறது. நோக்கம் பற்றிய அந்தச் சொல் கொஞ்சம் இடம் தருவதுபோலத் தெரிந்தாலும், காப்புப் பிரதி எடுக்கலாம் என்று நம் சட்டம் வெளிப்படையாகச் சொல்வது கணினி நிரலுக்குத்தான், படத்துக்கு அல்ல. வேண்டாம் என்று முடிவானது. அதன் விலை என்ன என்பதும் தெரிந்தே எடுத்த முடிவு: கோப்பு நம் வட்டில் இருந்தாலும், புதுக் கணினிக்கு அனுமதி வாங்க ஒருமுறையாவது அ கடையின் சர்வரைத் தொட வேண்டும். அந்தச் சர்வர் என்றைக்கும் இருக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. 2008இல் மைக்ரோசாஃப்டின் பாட்டுக் கடையான எம்எஸ்என் மியூசிக் தன் உரிமச் சர்வர்களை நிறுத்தப் போவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்தபின் 2011 வரை தள்ளிப்போட்டது. அதே 2008இல் யாஹூ மியூசிக் கடை மூடியபோதும் வாங்கிய பாட்டுகளுக்கு இதே கதி. படத்துக்கு நடக்காது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை.

நான்காவது, ஆ கடையில் மட்டும் தங்கிவிட்ட, மூவிஸ் எனிவேருக்குள் வராத 40 படங்கள். அதில் வீட்டுக்கு வேண்டியவை என்று பத்துப் பன்னிரண்டைக் குறித்து, பழைய டிஸ்க்குகளாக வாங்கிக்கொண்டார்கள். ஒரு காலத்தில் நூலகத்துக்குக் கொடுத்த அதே படங்கள் சில, அதே நூலகத்தின் பழம்பொருள் விற்பனையில் சொற்ப விலைக்குக் கிடைத்தனவாம். ஆனால் டிஸ்க்குக்கும் நாடு உண்டு. அமெரிக்க ப்ளூரே ஏ மண்டலம், இந்தியா சி மண்டலம். டிவிடியில் அங்கே 1, இங்கே 5. மண்டலப் பூட்டு இல்லாத ப்ளூரேக்களும் நிறைய உண்டு, 4கே டிஸ்க்குகளுக்கு மண்டலமே இல்லை. என்றாலும் டப்பாவைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சோதிப்பதைவிட அங்குள்ள பிளேயரையே கொண்டு வருவது எளிது. பின்புறத்தில் 100–240 வோல்ட் என்று போட்டிருந்ததால் மின்மாற்றிப் பிரச்சினையும் இல்லை.

ஐந்தாவது, கதவுச் சாவிகள். அ, ஆ இரண்டு கணக்குகளுக்கும் உள்நுழையும் குறியீடு அமெரிக்கக் கைபேசி எண்ணுக்கு வந்துகொண்டிருந்தது. சிம்மைத் துண்டித்தால் அதோடு கணக்கும் போய்விடும். கிளம்புவதற்கு முன்பே கோவையில் உள்ள அப்பாவின் எண்ணை அ கடைக் கணக்கில் இரண்டாவது நம்பகமான எண்ணாகச் சேர்த்து, குறியீடு வருகிறதா என்று ஒருமுறை சோதித்தும் பார்த்தார்கள். ஆ கடை அமெரிக்க எண்ணை மட்டுமே ஏற்றது. அதற்காக அந்த எண்ணை இணையவழி எண் சேவை ஒன்றுக்கு மாற்றிக்கொண்டார்கள். மின்னஞ்சல்களும் அப்படியே, இணைய நிறுவனம் தந்த முகவரி எதுவும் எந்தக் கணக்கிலும் இல்லாதபடி மாற்றப்பட்டன. 2019 கற்றுக் கொடுத்தது.

இறக்கிய விதம்

ஒரு படம் எச்டியில் சராசரி நாலரை ஜிபி. 160 படத்துக்கு முக்கால் டிபிக்குச் சற்றுக் குறைவு. வீட்டு இணைப்புக்கு மாதம் 1.2 டிபி வரம்பு. வீட்டில் மற்றவர்கள் பயன்பாடும் உண்டு என்பதால் இரண்டு மாதங்களாகப் பிரித்து இறக்கினார்கள். மடிக்கணினியின் உள்வட்டு போதாது. கடையின் மென்பொருளில் ஊடகக் கோப்புறையின் இடத்தை 2 டிபி வெளிவட்டுக்கு மாற்றிவிட்டு, அப்புறம் தொடங்கினோம். இதை மாற்றாமல் தொடங்கினால் உள்வட்டு நிரம்பி நடுவில் நின்றுவிடும், எது முழுசாக வந்தது எது பாதி என்று தேடுவது பெரிய தொல்லை.

முதலில் இறக்கியது தமிழ்ப் படங்கள், காணாமல் போகும் வாய்ப்பு அதிகம் என்பதால். பிறகு மற்றவை. ஒவ்வொரு நாள் இரவும் இறங்கியவற்றை மறுநாள் காலை வைஃபையை அணைத்துவிட்டு மகன் ஓட்டிப் பார்ப்பான்: தொடக்கத்தில் ஒரு நிமிடம், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. நான்கு கோப்புகள் நடுவில் நின்றன. அழித்துவிட்டு மறுபடி இறக்கியதும் சரியாகின. மறுபடி இறக்கும் உரிமை கையில் இருக்கும்போதே சோதித்ததால்தான் இது முடிந்தது.

எதிர்பார்க்காதது இரண்டு. கிளவுடில் 4கே என்று காட்டிய படங்கள் கோப்பாக வரும்போது எச்டியாகத்தான் வந்தன. 4கே அந்தக் கடையில் ஓடைக்கு, அதாவது இறக்காமல் இணையத்திலிருந்தே ஓட்டிப் பார்ப்பதற்கு, மட்டும்; இறக்கத்துக்கு இல்லை. கூடுதல் விலை கொடுத்தவருக்கு இது எரிச்சலான செய்தி. இரண்டாவது மகனின் கணினி. தனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று தன் மடிக்கணினியிலும் இறக்கப் பார்த்தான். ஆனால் அதற்கு முந்தைய வாரம்தான் இந்தியச் செயலி ஒன்றுக்காகப் புது இந்தியக் கணக்கை அதில் போட்டிருந்தான். ஒரு கருவி ஒரு கணக்கோடு சேர்ந்துவிட்டால் வேறு கணக்கின் பழைய கொள்முதல்களை இறக்க 90 நாள் காத்திருக்க வேண்டும் என்று திரையில் வந்தது. அவன் கணினியை விட்டுவிட்டு, வட்டையே இரண்டாவது வட்டுக்கு நகலெடுத்தோம். பூட்டோடு சேர்ந்த கோப்பை நகலெடுக்கத் தடையில்லை. ஓட்டத்தான் அனுமதி வேண்டும்.

கோவையில்

இங்கே வந்து இணைப்புப் போட்ட முதல் வாரத்திலேயே எது ஓடுகிறது எது ஓடவில்லை என்று பார்த்தோம்.

வட்டில் இருந்த கோப்புகள் எல்லாம் ஓடின. பழைய மடிக்கணினிக்கு அனுமதி ஏற்கெனவே இருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. இங்கே வாங்கிய புது மேசைக் கணினிக்கு அனுமதி கேட்டபோது, ஐந்து இடமும் நிரம்பிவிட்டது என்றது. அமெரிக்காவில் தூக்கிப்போட்ட பழைய கணினிகள் மூன்று அந்த இடங்களை அடைத்துக்கொண்டிருந்தன. எல்லா அனுமதிகளையும் ஒட்டுமொத்தமாக நீக்கும் வழி உண்டு, ஆனால் ஆண்டுக்கு ஒருமுறைதான். அதைப் பயன்படுத்தி, பிறகு இரண்டு கணினிகளுக்கு மட்டும் மறுபடி கொடுத்தோம்.

மடிக்கணினியை மாடியில் இருந்த பழைய புரொஜெக்டரில் செருகியபோது வசனம் கேட்டது, படம் வரவில்லை. மகனுக்குக் கோப்பு கெட்டுவிட்டதோ என்ற பயம். கோப்பில் கோளாறு இல்லை. எச்டிஎம்ஐயைப் பழைய வகை விஜிஏ இணைப்பாக மாற்றும் சின்னப் பெட்டி நடுவில் இருந்தது. பூட்டுள்ள படத்தை எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பாதுகாப்பு இல்லாத வழியில் அனுப்ப மென்பொருள் மறுத்துவிட்டது. நேரடி எச்டிஎம்ஐ வழியே டிவிக்குக் கொடுத்ததும் படம் வந்தது.

அ கடையில் ஓடையாகப் பார்ப்பதும் இங்கிருந்து வேலை செய்தது. அதை நம்பி வட்டை ஒதுக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சில மாதங்களுக்குள்ளேயே ஒரு படத்துக்குப் பக்கத்தில் இருந்த மறுஇறக்கப் பொத்தான் காணாமல் போனது. வட்டில் இருக்கும் அதே படம் இன்றும் ஓடுகிறது. மூவிஸ் எனிவேர் இங்கே இல்லை. ஆ கடைச் செயலி, உங்கள் பகுதியில் இந்தச் சேவை இல்லை என்ற ஒரே வரியோடு நின்றுவிட்டது. இ கடையில் இருந்த கார்ட்டூன் தொடர்கள், பத்துப் பருவங்கள் போல, கேபிள் இணைப்போடு போயின; தொடர்கள் மூவிஸ் எனிவேருக்குள் வராது என்பதால் காப்பாற்ற வழியில்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் யாரும் அதிகம் வருந்தவில்லை, மனைவியைத் தவிர.

தமிழ்ப் படங்களின் கதைதான் கொஞ்சம் வேடிக்கை. அவ்வளவு பாடுபட்டு முதலில் இறக்கியவற்றில் பெரும்பாலானவை இங்கே ஏதாவதொரு சந்தாவில் சும்மா கிடைக்கின்றன. ஆனால் அதில் ஒன்று, வட்டைத் தவிர வேறெங்கும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே நிலையில் இன்னொரு குடும்பம் கேட்டால், ஆறு மாதத்துக்கு முன் தொடங்குங்கள் என்று சொல்வதைவிட, ஒவ்வொரு படத்தையும் வாங்கிய அன்றே இறக்கி வையுங்கள் என்பேன். வாங்கும் கடையைத் தேர்வதிலும் விலையைவிட, கோப்பாக இறக்கித் தருகிறதா என்பதை முதலில் பார்க்கலாம். இந்த வீட்டில் ஆ கடையில் ஓரிரு டாலர் குறைவு என்பதற்காக வாங்கியவைதான் கடைசியில் கைக்கு வராமல் நின்றன.

மூவிஸ் எனிவேரில் எல்லாக் கடைகளையும் 2018இலேயே இணைத்திருந்தால், கடைசி நேர அவசரம் குறைந்திருக்கும். வீட்டில் ஒரே கணக்கில் வாங்கியிருந்தால் மனைவியின் பதினைந்து படங்களும் மிஞ்சியிருக்கும். பிள்ளைகளின் கருவிகளில் புதுக் கணக்கு போடுவதைக் கிளம்பும் வாரம் வரை தள்ளிப்போடுவது நல்லது. கணினியை விற்கும்போதும் தூக்கிப்போடும்போதும் அனுமதியை நீக்கிவிட்டே அனுப்ப வேண்டும். டிஸ்க் உள்ள படத்துக்கு டிஸ்க்கைக் கொடுத்துவிடக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு வட்டுகளில் ஒன்று கோவையில், மற்றது ஈரோட்டில் உறவினர் வீட்டில். பூட்டை உடைக்காத முடிவு பற்றி கணவருக்கு இன்னும் அரைமனதுதான். அ கடை ஒருநாள் அனுமதி சர்வரை நிறுத்தினால் அந்த இரண்டு கணினிகள் இருக்கும் வரைதான் படங்களும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே அந்த இரண்டு கணினிகளிலும் இயங்குதளத்தை அழித்து மறுபடி போடுவதில்லை என்று வைத்திருக்கிறார்கள்.

ஆ கடையின் மீதிப் படங்கள் தொலைந்துவிட்டன என்று இங்கே எழுத முடியாது. வேலை விஷயமாகக் கணவர் டாலஸ் போனபோது ஓட்டல் அறையிலிருந்து உள்நுழைந்து பார்த்தார். பட்டியல் முழுசாக வந்தது, எல்லாம் ஓடியது. ஏழெட்டைக் கைக்கணினியில் இறக்கிக்கொண்டும் வந்தார். இங்கே வந்தபின் சில வாரம் அவை ஓடின. பிறகு அனுமதியைப் புதுப்பிக்க இணையத்தில் வரச் சொன்னது. வந்ததும், உங்கள் பகுதியில் இந்தச் சேவை இல்லை என்றது.